நாற்பத்து மூன்று

பாலிசியைப் புதுப்பிக்க வந்த அன்று
தினகர் பையிலிருந்து வழவழவென்று ஒரு தாளை எடுத்தான்.
அறுபதைத் தாண்டினவங்களுக்குன்னே இதெல்லாம், ஆன்ட்டி.
வருஷம் ஒருமுறை ரத்தம் பார்ப்பது இலவசம்.
கண் பார்ப்பது இலவசம், கண்ணாடி நம் காசு.
பல் சுத்தம் செய்யக் கூப்பன்.
இவருக்கு மிச்சமிருப்பது ஒன்பது பல்.
ஜிம்மில் சேர்ந்தால் பாதிக் கட்டணம்.
என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஒரு பெண் போன் செய்வாள்.
செய்தாள். ஓட்ஸ் சாப்பிடச் சொன்னாள்.
கருவாட்டைப் பற்றி அவளிடம் குறிப்பு எதுவும் இல்லையாம்.

வீட்டுக்கு வந்து இவர் காலை மடக்கி நீட்டிவிடும்
பிசியோதெரபி பையனுக்கு மட்டும்
தடவைக்கு அறுநூறு, நம் கையிலிருந்து.
அது இதுல வராது ஆன்ட்டி என்று
தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

கிளம்பும்போதுதான் நடையைப் பற்றிச் சொன்னான்.
போனே எண்ணிக்கொள்ளுமாம்.
நாளுக்கு எட்டாயிரம் அடி, வருஷத்தில் முந்நூறு நாள்,
அடுத்த பிரீமியத்தில் பத்து சதம் கழிவு,
ஆளுக்கு.
ஆளுக்கு என்றதும் நான் இவரைப் பார்த்தேன்.
இவர் தன் இடது காலைப் பார்த்தார்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்தரைக்கு
பேப்பர் மில்ஸ் ரோட்டில் பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய்
லூர்து மாதா கோயில் மைதானத்தில்
நான் இரண்டு பேராக நடக்கிறேன்.
என் போன் கையில், இவருடையது பர்ஸில்.
ஜெபமாலையில் மணி தவறிப்போகும்.
அடி தவறாது.
பாவசங்கீர்த்தனத்தில் ஒருநாள் சொல்லியும் விட்டேன்.
சாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, எந்தக் கம்பெனி என்று கேட்டார்.

ராத்திரி போன் இவரைப் பாராட்டும்:
வாழ்த்துகள் ஆரோக்கியசாமி,
இந்த மாதம் நீங்கள் நடந்த தூரம்
சென்னையிலிருந்து திண்டிவனம்.
வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்.
திண்டிவனத்துல என்ன சாப்பிட்டேன் பிலோ என்பார்.

புதன்கிழமை மறந்துவிட்டேன்.
சார்ஜரில் மாட்டியது மாட்டியபடி
இவர் தலைமாட்டிலேயே கிடந்தது போன்.
நாலாவது சுற்றில் பர்ஸைத் தடவியதும் பகீரென்றது.
ஓடவில்லை. ஓடினாலும் என் கணக்கில்தான் ஏறும்.

வீட்டுக்கு வந்தால்
வாக்கர் கட்டில் பக்கத்தில் இல்லை,
பால்கனிக் கதவோரம் கோணலாக நிற்கிறது.
இவர் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்திருக்கிறார்.
பனியன் தொப்பலாக நனைந்திருந்தது.
மடியில் போன். நாற்பத்து மூன்று என்றது.

அந்தப் பொண்ணு கூப்பிட்டுச்சு, என்றார்.
ஏன் சார் இன்னிக்கு ஒரு அடிகூட ஏறல,
உடம்பு ஏதும் முடியலையான்னு.
நான் என்னன்னு சொல்லட்டும்?
இதோ கிளம்பிட்டேம்மான்னு சொல்லிட்டேன்.
சொல்லிட்டு எப்படிப் படுத்துக் கெடக்க?

கத்தத்தான் வாயைத் திறந்தேன்.
விழுந்திருந்தால்,
அதற்கு அந்தத் தாளில் எந்த மூலையில் என்ன எழுதியிருக்கும்?
கட்டிலிலிருந்து கதவு எனக்கு ஒன்பது அடி.
இவருக்கு எத்தனை என்று
இந்தப் பதினான்கு மாதத்தில் நான் எண்ணியதில்லை.
போக பத்தொம்போது, வர பத்தொம்போது, என்றார்
கம்பெனியில் ஸ்டாக் எடுத்த அதே குரலில்.
மிச்சம் அஞ்சு?
மழை வர்ற மாதிரி இருந்துச்சு.
கொடியில துணி. எடுக்கலாம்னு பாத்தேன்.
எட்டல.

மறுநாள் இவர் போனை நூறு சதம் சார்ஜோடு
தலைமாட்டிலேயே வைத்தேன், வாக்கரைக் கை எட்டும் தூரத்தில்.
சும்மா கிடந்த கையை எடுத்து அதன் மேல் வைத்தார்.
பத்து சதம் போனால் நாலாயிரத்துச் சொச்சம்
என்று மனக்கணக்குப் போட்டபடி படியிறங்கினேன்.

ராத்திரி போன் கடிந்துகொண்டது:
ஆரோக்கியசாமி, உங்கள் நடை மிகவும் குறைந்துவிட்டது.
இன்று முப்பத்தெட்டு அடிகள் மட்டுமே.

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு
இரண்டு தடவை படித்தார்.
அஞ்சு குறையுது, என்றார்.
துணியை நீயே எடுத்துட்டுப் போயிட்ட.